டபிள்யூ என்றால் குளிர்காலம்

"கெட்டியா, தண்ணியா?"
சாம்பார் கேட்பது போலத்தான் கேட்டான் இத்ரீஸ்,
ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், ஆறடி அகலக் கடையில்,
தலைக்கு மேல் கேன்கள், கேன்களுக்கு மேல் மின்விசிறி.
கிளட்ச் வாங்க வந்த இருவர், டீ கொண்டுவந்த பையன்,
எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது.
என்னிடம்தான் எஞ்சின் இருந்தது.

தொண்ணூற்றொன்பது மாடல் எஸ்டீம்.
பின்சீட் இல்லை, ஏசி இல்லை, கதவுக்கு உள்அட்டை இல்லை.
கேம் மாற்றியாயிற்று. ஹெட்டை இழைத்தாயிற்று.
கிராங்கை அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைந்து தந்த ஞானஒளிவு
"ரெண்டரை தௌ விட்டிருக்கேன் மேடம்,
ரேஸுக்குன்னு சொன்னீங்களே" என்றார்.
பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே
ஒரு தலைமுடி படுக்கும் இடம்.
அதில்தான் மிதக்கின்றன
என் ஞாயிற்றுக்கிழமைகளும் பாதிச் சம்பளமும்.

கம்பெனிப் புத்தகம் பத்து டபிள்யூ முப்பது என்கிறது.
அது கம்பெனி விட்ட இடைவெளிக்கு.
டபிள்யூ என்றால் வின்டர்.
மார்கழி விடியலிலும் ஃபேன் ஓடும் ஊரில்
அந்த எழுத்துக்கு எதற்குக் காசு?
கழித்துக்கொண்டு கொடு என்றேன்.
இத்ரீஸ் சிரிக்கவில்லை.
போன முறையும் இதைத்தான் சொன்னேனாம்.

இருபது டபிள்யூ ஐம்பது வாங்கி ஊற்றினேன்.
பிரஷர் முள் நிமிர்ந்து நின்றது,
மாலை விழுந்த மாப்பிள்ளை மாதிரி.

இருங்காட்டுக்கோட்டை. மே மாதம். பதினொரு மணி.
ஆறாவது சுற்றில் ஆயில் சூடு நூற்று முப்பது.
போன மாதம் நேர்ப்பாதை முடிவில் தொட்ட ஆறாயிரத்து எண்ணூறு
இந்த மாதம் கிட்டவே வரவில்லை.
"தேன்ல நடக்கிற எறும்பு மாதிரி வர்ற" என்றாள்
ஸ்டாப்வாட்ச்சோடு ரோஸ்லின்.
"முள்ளு ஓட்டத்தைக் காட்டாதுடி.
ஓடுறதுக்குப் படுற பாட்டைக் காட்டும்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
அயனாவரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
குழாயில் நிற்கும் ரத்தம் ஒரு மணி நேரத்தில்
எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறதென்று எழுதுகிறவள்.
பிரஷர் அதிகம் என்று
யாரையும் நாங்கள் பாராட்டி அனுப்பியதில்லை.

ஜூனில் பத்து டபிள்யூ நாற்பது.
வண்டி ஓடியது, வாய்விட்டு ஓடியது.
ஆனால் அந்த நீண்ட வலது வளைவில்
சிவப்பு விளக்கு.
இரண்டு நொடி. பிறகு அணைந்துவிடும்,
ஒன்றுமே சொல்லாதது போல.

"நான் அப்பவே சொன்னேன், கெட்டியா ஊத்துங்கன்னு."
டீக்கடைப் பையன் உட்பட.

திங்கட்கிழமை காலை சிக்னலில்
மெட்ரோ வாட்டர் லாரி ஒன்று வலது பக்கம் திரும்ப,
மூடி வழியாக இடது பக்கம் நின்ற என் ஸ்கூட்டர் மேல்
அரைக்குடம் தண்ணீர்.
பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள்.
நான் நனைந்தபடி சிரிக்கிறேன்.
வளைவில் ஆயில் மொத்தமும் சம்ப்பின் இடச்சுவர் ஏறிவிடுகிறது.
உறிஞ்சு குழாயின் வாயில் வெறும் காற்று.
காற்றுக்கு எந்த நம்பர் ஊற்ற?

ஞானஒளிவு இரண்டு தகட்டுத் தடுப்பு பற்றவைத்தார்.
அறுநூறு ரூபாய். "இதை முதல்லயே கேட்டிருக்கலாம்" என்றார்.
கேட்டிருக்கலாம். நான் ஆயிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் பதினோராவது இடம். பதினாறு பேரில்.
விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

திரும்பும் வழியில் பூந்தமல்லி.
ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால்
முக்கால் மணி நேரம், ரேஸ் டயரோடு, ஏசி இல்லாமல்.
செண்டைக்காரர் ஒருவர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து
"சீட் எங்கக்கா?" என்கிறார்.
முள் பத்துப் பவுண்டில் நடுங்குகிறது.
எட்டு.
மறுபடி பத்து.

ஐம்பதே ஊற்றியிருக்கலாமோ.